பந்தி வஞ்சனை

கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவருக்கு இரண்டு கடமை உண்டு. எந்த இலையும் காலியாகக் கிடக்கக் கூடாது என்பது ஒன்று. ஆள் பார்த்துப் பரிமாறக் கூடாது என்பது இன்னொன்று. முதலாவதில் தவறினால் சமாளித்துவிடலாம். இரண்டாவதில் தவறினால் சம்பந்தி வீட்டார் பத்து வருடம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்று, சொந்தக்காரர் கல்யாணங்களில் பந்தி விசாரிப்பதையே முழுநேர வேலையாக வைத்திருக்கும் கோவில்பட்டிக்காரர் ஒருவர், அறுபத்து நான்கு வயதில் பந்தி வஞ்சனை செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார். அதுவும் தன் வீட்டிலேயே. ஆரம்பத்தில் தினம் ஆறு வேளை, இப்போது ஐந்து.

இலைகள் இரண்டு. முதல் இலை மணியுடையது. மணிக்கு வயது பன்னிரண்டு. பாதி சிப்பிப்பாறை, மீதி எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் ஒட்டியிருந்த வயிறு, நீண்ட மூக்கு, குச்சி போன்ற கால், கடைவாயில் பாதிப் பல் இல்லை. சோற்றைக் கண்டதும் பாய்கிற வழக்கம் மணிக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. வட்டிலை வைத்தால் முதலில் மோந்து பார்க்கும். பிறகு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றும். வாசலில் போகிற சைக்கிளுக்கு ஒரு குரல் கொடுக்கும். அதன் பிறகுதான் சாப்பாடு.

இரண்டாவது இலைக்காரர் லட்டு. எட்டு வாரக் குட்டியாக, பழுப்பு நிற லாப்ரடாராக, பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். “அப்பா, வீட்டு ஓனர் நாய் கூடாதுங்காரு. ஒரே ஒரு மாசம். வேற வீடு பாத்ததும் கூட்டிட்டுப் போயிருதோம்” என்று மகன் சொன்னான். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

முதல் நாள் எழுத்தர் தன் தொழில் தர்மப்படி நடந்துகொண்டார். ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் வட்டில், ஒரே சோறு, ஒரே நேரம், பக்கத்தில் பக்கத்தில். மணி மோந்து பார்த்துவிட்டு முற்றத்தைச் சுற்றப் போனது. அது திரும்பி வருவதற்குள் லட்டு தன் வட்டிலை முடித்து, மணியின் வட்டிலையும் முடித்து, வட்டிலின் விளிம்பைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி சைக்கிளுக்குக் குரல் கொடுக்கவில்லை. மூடிக் கிடந்த அடுக்களைக் கதவுக்குக் கொடுத்தது.

மறுநாள் மகன் விட்டுப்போன குட்டிகளுக்கான பாக்கெட் உணவைப் பிரித்தார்கள். அதன் கொழுப்பு மணம் மணியின் மூக்குக்கு எட்டியது. பன்னிரண்டு வருடத்தில் முதன்முறையாக மணி முற்றத்தைச் சுற்றவில்லை. இந்த முறை பட்டினி கிடந்தது குட்டி.

இரண்டையும் கூட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனார்கள். மணிக்கு இரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடியிருந்தது. சிறுநீரகம் மெல்லத் தளர்கிறது. லட்டுவுக்கு வயிற்றில் உருண்டைப் புழு. தாயிடமிருந்தே வருவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்று மாதம் வரை மருந்து கொடுக்க வேண்டும். மருந்துச் சீட்டை எழுதி முடித்துவிட்டு மருத்துவர் சொன்னது எழுத்தரைத் தூக்கிவாரிப் போட்டது: “சார், நீங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி போடுறதுதான் பிரச்சினை. அவருக்கு நல்லது இவருக்கு ஆகாது. இவருக்கு வேண்டியது அவருக்கு விஷம் மாதிரி.”

அதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கமான ஆஃப்கோ ஒரு குறைந்தபட்ச அளவு வகுத்திருக்கிறது. ஈரப்பதத்தை நீக்கிக் கணக்கிட்டால், வளரும் குட்டியின் உணவில் புரதம் 22.5 சதவீதமும் கொழுப்பு 8.5 சதவீதமும் இருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 18-ம் 5.5-ம் போதும். குட்டி உணவில் பாஸ்பரஸும் கூடுதல். சிறுநீரகம் தளர்ந்த நாய்க்கு முதலில் குறைக்க வேண்டியது அந்தப் பாஸ்பரஸைத்தான். அதனால் லட்டுவின் வட்டிலில் மணி வாய் வைப்பது வெறும் திருட்டு அல்ல, உடம்புக்கே கேடு. மாறாக, மணியின் பத்தியச் சாப்பாட்டில் லட்டு வளர்ந்தால் எலும்பு தேறாது.

எலும்பு என்ற சொல் காதில் விழுந்ததும் எழுத்தரின் தாயார் கச்சேரிக்குள் நுழைந்தார். எண்பத்தாறு வயது. தெருவுக்கே அவர் ஆச்சி. “சுண்ணாம்புச் சத்து டானிக்கு ஒண்ணு வாங்கி ஊத்துனா எலும்பு தானா வளருது. இதுக்கு எதுக்குல இவ்வளவு பேச்சு?” என்றார். குட்டி வாங்கிய கையோடு கால்சியம் டானிக் வாங்குவது ஊர் வழக்கம். ஆனால் லாப்ரடார் மாதிரிப் பெரிய உடல் இனங்களில் இந்த அன்பே கெடுதல் செய்கிறது. தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை வேண்டாம் என்று ஒதுக்கும் பக்குவம் சின்னக் குட்டியின் குடலுக்கு இல்லை. கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். எலும்பும் மூட்டும் கோணலாக வளர அது ஒரு காரணம். அதனால்தான் பெரிய இனக் குட்டிகளுக்கு ஆஃப்கோ ஓர் உச்சவரம்பும் வைத்திருக்கிறது: 1.8 சதவீதம். வாங்கி வைத்த டானிக் புட்டி பிரிக்காமலே மருந்துக் கடைக்குத் திரும்பிப் போனது. ஆச்சிக்கு அதில் இன்றுவரை உடன்பாடு இல்லை.

அலுவலகத்தில் முப்பது வருடம் ரிஜிஸ்டர் எழுதிய கை சும்மா இருக்குமா? எழுத்தர் நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் மணி, வலது பக்கம் லட்டு என்று தலைப்பிட்டார். நாய்க்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும் என்று மருத்துவர் ஒரு சூத்திரம் சொல்லியிருந்தார். எடையின் முக்கால் அடுக்கை 70-ஆல் பெருக்க வேண்டும். முக்கால் அடுக்கு என்றதும் எழுத்தர் விழித்தார். மருத்துவர் மேசையில் இருந்த சாதாரண கால்குலேட்டரிலேயே செய்து காட்டினார். எடையை மூன்று முறை பெருக்கு. பிறகு வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அமுக்கு. அவ்வளவுதான்.

லட்டு அப்போது 5 கிலோ. ஐந்தை மூன்று முறை பெருக்கினால் 125. ஒரு அமுக்கலில் 11.18. இரண்டாவது அமுக்கலில் 3.34. எழுபதால் பெருக்கினால் 234. சும்மா படுத்துக் கிடக்க மட்டும் இவ்வளவு வேண்டும். நான்கு மாதம் வரை குட்டிக்கு அதைப்போல் மூன்று மடங்கு. ஆக, ஏறக்குறைய 700. மணி 20 கிலோ. அதே வழியில் 662. ஓடியாடாத முதிய நாய்க்கு 1.2-லிருந்து 1.4 மடங்கு என்பதால் நடுவில் பிடித்து 860.

எழுத்தரின் மனைவி நோட்டை வாங்கிப் பார்த்தார். “ஏங்க, மணி இதைப்போல நாலு பங்கு இருக்கான். ரெண்டு பேருக்கும் நூத்தம்பதுதானா வித்தியாசம்?” என்றார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. கிழட்டு நாய் இருக்கிற உடம்பைக் காப்பாற்றிக்கொண்டால் போதும். குட்டி ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு நாயைச் செய்துகொண்டிருக்கிறது. அதுவும் கைப்பிடி அளவு இரைப்பையை வைத்துக்கொண்டு. அதனால்தான் 700 கலோரியை ஒரே தடவையில் கொட்டாமல் நான்கு வேளையாகப் பிரிக்கச் சொல்கிறார்கள்.

நான்கு வேளை என்பது எழுதுவதற்குச் சுலபம். சாப்பாடு இரைப்பைக்குள் இறங்கியதும் குடல் தன் வேலையைத் தொடங்கிவிடும். குட்டியைக் கால் மணி, அரை மணி நேரத்துக்குள் வெளியே கொண்டுபோகாவிட்டால் கூடத்திலேயே காரியம் முடிந்துவிடும். நான்கு சாப்பாட்டுக்கு நான்கு முறை வாசல். பணியில் இருந்தபோது ஒரு நாளும் இவ்வளவு தடவை நாற்காலியை விட்டு எழுந்ததில்லை என்று எழுத்தரே சொல்கிறார்.

இதற்கிடையில் லட்டுவின் வேகம் தனிப் பிரச்சினையானது. சாப்பாடு என்பதை அது மெல்லும் காரியமாக நினைக்கவில்லை. வட்டிலில் கொட்டும் சத்தம் அடங்குவதற்குள் வட்டில் காலி. இதில் முழுப் பழியையும் அதன் மேல் போட முடியாது. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, லாப்ரடார்களில் நான்கில் ஒன்றுக்குப் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சேதி சொல்கிற ஏற்பாட்டில் அந்த மரபணுவுக்குப் பங்குண்டு. சேதி போகாத நாய்க்கு எப்போதும் பசி. லட்டு அந்த நான்கில் ஒன்றா என்று யாரும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டிய அவசியம் இருப்பதாக அந்த வீட்டில் யாரும் நினைக்கவும் இல்லை.

வேகத்தைக் குறைக்கப் பள்ளம் மேடாகச் செய்த பிளாஸ்டிக் தட்டுகள் கடையில் கிடைக்கின்றன. லட்டு அதை ஒரே வாரத்தில் கடித்துத் தட்டையாக்கிவிட்டது. அப்போதுதான் எழுத்தரின் கண் பரணில் இருந்த பழைய பணியாரக் கல்லின் மேல் விழுந்தது. கனத்த வார்ப்பிரும்பு, குட்டி முட்டினாலும் நகராது, கடித்தால் பல்லுக்குத்தான் நஷ்டம். ஏழு குழி. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து உருண்டை. லட்டு ஒரு குழியில் மூக்கை நுழைத்து, நாக்கால் துழாவி, ஓரத்தில் ஒட்டிக்கொண்ட கடைசி உருண்டைக்காகத் தலையைச் சாய்த்து, அது வராமல் பக்கத்துக் குழிக்குத் தாவி, அங்கே பாதியில் பழைய உருண்டையின் ஞாபகம் வந்து திரும்பி வரும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்த சாப்பாடு ஒரு காப்பி குடிக்கிற நேரத்துக்கு நீண்டது. அந்தக் கல் ஆச்சியின் சீதனம் என்பது பிற்பாடுதான் பேச்சில் வந்தது. அன்று ராத்திரி எழுத்தருக்கும் கொஞ்சம் தாமதமாகத்தான் சாப்பாடு கிடைத்தது.

இடம் பிரித்தது அடுத்த கட்டம். மணிக்கு முன்கட்டு, லட்டுவுக்குப் பின்கட்டு, நடுவில் கம்பிவலைக் கதவு. இரண்டு வட்டிலும் இருபது நிமிடம் தரையில் இருக்கும். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். நாள் முழுக்கச் சாப்பாட்டைத் திறந்து வைத்தால் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று தெரியாது. முதிய நாய்க்கு உடம்பு சரியில்லை என்பதை வீட்டார் முதலில் கண்டுபிடிப்பதே பெரும்பாலும் மிச்சம் வைத்த சோற்றை வைத்துத்தான். இருபது நிமிட விதியால் மணி தன் வழக்கங்களைச் சுருக்கிக்கொண்டது. முற்றம் சுற்றுவது நின்றது. சைக்கிள் குரல் மட்டும் தொடர்கிறது, அது உட்கார்ந்தபடியே.

கம்பிவலைக் கதவுக்கு முந்திய நாட்களில் ஒரு தடவை லட்டு, மணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வட்டிலுக்குக் கிட்டப் போனது. மணி தலையைத் தூக்காமல் அடித்தொண்டையில் உறுமியது. “சின்னப் பிள்ளகிட்ட என்னல உறுமல்?” என்று ஆச்சி மணியின் முதுகில் விசிறிக் காம்பால் ஒன்று வைத்தார். மருத்துவர் இதைக் கேட்டதும் பதறிவிட்டார். உறுமுவது கடிப்பதற்கு முன்னால் நாய் தருகிற எச்சரிக்கை. அதற்காக அடித்தால் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. அடுத்த தடவை சத்தமில்லாமல் நேரே கடிக்கும். வீட்டில் இது சட்டென்று புரிந்தது எழுத்தருக்குத்தான். “அம்மா, மணி முறைப்படி நோட்டீஸ் கொடுத்திருக்கான். நோட்டீஸ் கொடுத்தவனை நீ தண்டிச்சா, அடுத்தது நேரா நடவடிக்கைதான்” என்று விளக்கினார். அதற்குப் பிறகு மணி உறுமினால் எல்லோரும் லட்டுவைத்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

லட்டு கற்றுக்கொண்டது வேறு. பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு எச்சில் ஊறியது இயற்கை. பிறகு பாக்கெட் இருக்கும் அலமாரியின் சத்தத்துக்கு ஊறியது. அலமாரியைத் திறக்கும் முன் எழுத்தர் நோட்டை எடுத்து நேரம் குறிப்பார் என்பதால், கடைசியில் நோட்டைப் புரட்டும் சத்தத்துக்கே ஊற ஆரம்பித்தது. ரஷ்யாவின் பாவ்லோவ் நாய்களை வைத்துச் சோதனை செய்து 1904-ல் நோபல் பரிசு வாங்கினார். பரிசு கொடுத்தது ஜீரணம் பற்றிய ஆராய்ச்சிக்கு; அந்த ஆராய்ச்சியின் நடுவே, சோறு வரும் முன்பே நாய்க்கு எச்சில் ஊறுவதைக் கவனித்ததுதான் பிற்பாடு அவர் பெயரை ஊரெல்லாம் கொண்டுபோனது. கோவில்பட்டி நோட்டில் வலது பக்கம் நெடுகிலும் அந்த உண்மைக்கு ஈரமான சாட்சி இருக்கிறது.

பாக்கெட்டா, வீட்டுச் சோறா என்ற வழக்கு தனியாக நடந்தது. எழுத்தரின் மனைவி மணியைத் தயிர்ச் சோற்றில் வளர்த்தவர். பாக்கெட் உணவின் மேல் அவருக்கு மரியாதை இல்லை. அதன் பூர்வீகமும் அப்படி ஒன்றும் பெரிதல்ல. 1860-களில் லண்டனுக்குப் போன ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர், கப்பலில் மிஞ்சிப்போன கெட்டி பிஸ்கட்டைத் துறைமுகத்து நாய்கள் தின்பதைப் பார்த்துத்தான் நாய் பிஸ்கட் விற்கும் யோசனைக்கு வந்தார் என்பார்கள். இப்போது பார்க்கிற உருண்டை வடிவத்தை 1957-ல் பியூரினா கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பல ஆயிரம் வருடம் நாய்கள் மனிதர் போட்டதைத் தின்றுதான் பிழைத்தன. அந்தப் பழக்கம் மரபணுவிலேயே பதிந்திருக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் காட்டியபடி, மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான். நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருக்கிறது. சோறு நாய்க்கு ஆகாது என்று சொல்கிறவர்களுக்கு எழுத்தரின் மனைவி இப்போது இந்தப் பதிலை வைத்திருக்கிறார்.

ஆனால் சோறு செரிப்பது வேறு, சோறு மட்டும் போதுவது வேறு. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் கொஞ்சம். அரிசியில் இரண்டுமே குறைவு. இதையெல்லாம் சரிக்கட்டி வளரும் குட்டிக்கு வீட்டில் சமைப்பது நிபுணர் துணையில்லாமல் நடக்காது. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. லட்டுவுக்குப் பெரிய இனக் குட்டிகளுக்கான பாக்கெட். மணிக்கு மருத்துவர் எழுதித் தந்த கணக்கில் குழைந்த சோறு, உப்பில்லாமல் வேகவைத்த கொஞ்சம் கோழிக்கறி, அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, பூசணிக்காய். வெள்ளைக்கருவில் நல்ல புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகக் குறைவு. வயதானாலே புரதத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது பழைய எண்ணம். அப்படிச் செய்தால் தொடைச் சதை கரைந்து கிழட்டு நாய்க்கு எழுந்து நிற்பதே பாடாகிவிடும். மணி இழந்தது ஞாயிற்றுக்கிழமை எலும்பும் ஈரலும்தான். இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம். போதாததற்கு, வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மணி யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

சாம்பார் விட்டுப் பிசைவதும் நின்றது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும்; வெந்தாலும் குணம் மாறாது. சர்க்கரைப் பொங்கலில் முந்திரி இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், திராட்சை கூடவே கூடாது. சில நாய்களுக்குக் கொஞ்சம் திராட்சையே சிறுநீரகத்தை நிறுத்திவிடும். சாக்லேட், சைலிட்டால் போட்ட சர்க்கரையில்லாத சூயிங்கம், இரண்டும் அதே பட்டியல். பாலும் பாதிதான் நல்லது. பால்குடி மறந்த நாய்களில் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காமல் வயிற்றால் போகும். தயிர் அவ்வளவு தொல்லை தருவதில்லை.

இவ்வளவும் நோட்டில் ஏறிய பிறகும் மணியின் எடை குறையவில்லை. இடது பக்கம் 860 என்று எழுதியிருக்கிறது, நாயோ வட்டமாகிக்கொண்டிருக்கிறது. அலுவலகத்தில் கையிருப்பு இடித்தால் என்ன செய்வார்களோ அதை எழுத்தர் செய்தார். விசாரணை. காலையில் ஆச்சி காக்காய்க்குச் சோறு வைக்கும்போது கூடவே நெய்ச்சோறு ஒரு உருண்டை. மனைவி தோசை ஊற்றும்போது முறுகல் ஓரம். எதிர் வீட்டில் கடலைமிட்டாய். புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் நாய்க்கு மட்டும் இல்லையென்று எப்படிச் சொல்வது? முக்குக் கடையில் டீ குடிக்கிறவர்கள் வாங்கிப் போடும் பொறை. சாயங்காலம் மிக்சர் தட்டோடு உட்காரும் ஒருவர், ஒரு பிடி தனக்கு, நாலு பருப்பு மணிக்கு. அந்த ஒருவர் யார் என்று விசாரணை அறிக்கையில் எழுதப்படவில்லை.

தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. மணிக்கு அது 86. ஒரு மேரி பிஸ்கட்டிலேயே ஏறக்குறைய 25 இருக்கிறது. ஆகவே எழுத்தர் சில்லறைச் செலவு ஒதுக்கீடு ஒன்றை ஏற்படுத்தினார். காலையில் ஒரு சின்ன டப்பாவில் மணியின் அன்றைய பங்கைப் போட்டுவிடுவார்: இரண்டு பிஸ்கட் துண்டு துண்டாக உடைத்தது, கொஞ்சம் காரட். யாருக்கு மணி மேல் பாசம் பொங்கினாலும் டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்குப் பாசம் முடிந்தது. முதல் நாள் விடிந்து சற்று நேரத்தில் காலி. யார் கை என்று விசாரித்தால் ஆச்சி கூரையைப் பார்த்தார்.

ஆச்சியை வழிக்குக் கொண்டுவர எழுத்தர் ஒரு ஆராய்ச்சியைத் துணைக்கு அழைத்தார். பியூரினா கம்பெனி 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து ஜோடி ஜோடியாக வளர்த்தது. ஜோடியில் ஒன்று சாப்பிட்டதில் முக்கால் பங்குதான் மற்றதற்கு. 2002-ல் முடிவு வெளியானது. குறைத்துச் சாப்பிட்டவற்றின் நடு ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2. மூட்டு வலியும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. “பாத்தியாம்மா? கால் பங்கு குறைச்சாக்கூட ரெண்டு வருசம் கூடுது” என்றார் எழுத்தர். ஆச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகக் கேட்டார்: “எனக்கு எம்பத்தாறு. நான் என்னைக்குல குறைச்சுச் சாப்பிட்டேன்?”

ஆராய்ச்சி அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஆனால் விலா எலும்புச் சோதனை ஆச்சிக்குப் பிடித்துப்போனது. கையை முஷ்டியாக மடக்கி மொளியைத் தடவிப் பார்த்தால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, நாயின் விலா அப்படியிருந்தால் மெலிவு. விரலை நீட்டிப் புறங்கையைத் தடவினால் இருப்பதுபோல் இருந்தால் சரியான உடம்பு. உள்ளங்கையின் சதை மாதிரி இருந்தால் கொழுப்பு. இதற்கு நோட்டும் வேண்டாம், கால்குலேட்டரும் வேண்டாம். ஆச்சி தினமும் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து மணியின் விலாவையும் தன் கையையும் மாறி மாறித் தடவித் தீர்ப்புச் சொல்கிறார். உள்ளங்கையாக இருந்தது புறங்கையாகிவிட்டது என்று அவரே அறிவித்த பிறகுதான் டப்பாவில் பிஸ்கட் மதியம் வரை தங்க ஆரம்பித்தது.

இப்போது லட்டுவுக்கு ஐந்து மாதம், 16 கிலோ. வேளை நான்கிலிருந்து மூன்றாகிவிட்டது. ஆறு மாதத்தில் இரண்டாகும். நான்கு மாதம் தாண்டியதால் மடங்கும் மூன்றிலிருந்து இரண்டாக இறங்கியது. பதினாறை மூன்று முறை பெருக்கி, பொத்தானை இரண்டு தடவை அமுக்கினால் பிசிறில்லாமல் எட்டு வரும். எழுபதால் பெருக்கி இரட்டித்தால் 1,120. எடையில் மணியைத் தொடவில்லை, சாப்பாட்டில் எப்போதோ தாண்டிவிட்டது.

அந்த 16 கிலோவை நிறுத்ததில்தான் எழுத்தர் மாட்டிக்கொண்டார். குட்டி தராசில் நிற்காது. ஆகவே ஞாயிறுதோறும் அதைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறுவார். பிறகு இறக்கிவிட்டுத் தான் மட்டும் ஏறுவார். கழித்தால் குட்டியின் எடை. ஒழுங்கான எழுத்தர் என்பதால் மூன்று எண்ணையும் நோட்டில் குறித்து வந்திருக்கிறார். ஒரு நாள் மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தணிக்கை செய்தார். மணி இரண்டு கிலோ குறைந்திருந்தது. லட்டு பதினொரு கிலோ கூடியிருந்தது. நடுவில் இருந்த மூன்றாவது வரிசை 74-ல் தொடங்கி 77.5-ல் வந்து நின்றது.

மறுநாள் காலை அடுக்களை அலமாரியில் மணியின் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா முளைத்திருந்தது. உள்ளே வறுத்த கொண்டைக்கடலை ஒரு பிடி, வெள்ளரிக்காய் நாலு துண்டு. மிக்சர் புட்டி காணவில்லை.

எழுத்தர் ஆச்சியிடம் மேல்முறையீடு செய்தார். ஆச்சி மருமகளின் தலை மறைந்ததும் இடுப்பிலிருந்து கைமுறுக்கு ஒன்றை எடுத்து மகனிடம் நீட்டினார். பூனை மாதிரித்தான் கடித்தார். ஆனால் முறுக்குக்குச் சத்தமில்லாமல் உடையத் தெரியாது. பின்கட்டில் படுத்திருந்த லட்டு கம்பிவலைக் கதவை முட்டித் திறந்துகொண்டு வந்து காலடியில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. சத்தம் என்ன, திறந்த கதவு என்ன என்று பார்க்க மனைவியும் பின்னாலேயே வந்தார். கையில் நோட்டு இருந்தது.

ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது வரிசையைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு, மாமியாரைப் பார்த்தார்.

“அத்தை, ஒண்ணா, ரெண்டா?”